மலைநாட்டு நீரும் மீன்தொட்டி மணலும்

மலைநாட்டில் நன்னீர் மீன்தொட்டி வைக்க விரும்புபவர் மணலைத் தெரிவுசெய்வதற்கு முன்னர் தம் வீட்டுக்கு வரும் நீரை அறிந்துகொள்வது நல்லது. நுவரெலியா, ஹட்டன் போன்ற இடங்களில் பழம்பெரும் பாறைகளின்மேல் ஊறிவரும் நீரில் கரைந்த கனியுப்புகள் பொதுவாகக் குறைவு. ஆதலால் அதன் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். பெறுமானம் எளிதில் மாறிவிடும். கடலோர மணலிலுள்ள சிப்பி, பவளத் துணுக்குகள் கல்சியம் காபனேற்றாலானவை. மீன்கள் வெளிவிடும் காபனீரொட்சைட்டு நீரை மென்னமிலமாக்க, அத்துணுக்குகள் சிறிது சிறிதாகக் கரைந்து நீரைக் கனியுப்பு மிகுந்த வன்னீராக்கி, பி.எச். பெறுமானத்தையும் உயர்த்துகின்றன. கப்பி, மொல்லி வளர்ப்பவருக்கு இது தீங்கன்று, அவை வன்னீரை விரும்புபவை. மென்னீர் மீன்களுக்கோ ஒவ்வாது.

ஆற்றுமணல் என்பதாலேயே ஐயம் தீர்ந்துவிடாது. மாத்தளை, கண்டிப் பகுதிகளில் பளிங்குப் பாறைப் படைகள் இருப்பதால், அங்குள்ள மணலிலும் காபனேற்று கலந்திருக்கலாம். உலர்ந்த மணலில் சில துளி வினாகிரி விட்டு, நுரைக்கிறதா என்று பார்ப்பது வழக்கமான சோதனை. ஆயினும் காபனேற்றுக் கனியங்களுள் ஒன்றான டொலமைற்று குளிர்ந்த வினாகிரியில் மந்தமாகவே நுரைக்கும் என்பதால், ஒரு போத்தலில் மணலையும் குழாய்நீரையும் சேர்த்து ஒரு வாரம் வைத்து, முன்னும் பின்னும் பி.எச். பெறுமானத்தை அளப்பதையே நான் கூடுதலாக நம்புவேன். படிகக்கல் மணிகளே மிகுந்த மணல் இச்சோதனையில் நீரை மாற்றாது.

அடுத்தது மணியின் அளவு. புவியியலில் 0.063 முதல் 2 மில்லிமீற்றர் வரையுள்ளவை மணலெனப்படும். தொட்டிக்கு அரை மில்லிமீற்றருக்குச் சற்று மேற்பட்டவை வசதியானவை. மிக நுண்ணிய மணல் இறுகிப் படிந்து ஒட்சிசனை உள்ளே விடாது. தடித்த படையாயின் அடியில் ஒட்சிசனற்ற பற்றீரியாக்கள் பெருகி, அழுகிய முட்டை நாற்றமுடைய ஐதரசன் சல்பைட்டை உண்டாக்கும். பரல் பெரிதானாலோ எஞ்சிய உணவு இடுக்குகளில் விழுந்து அழுகும். கருங்கல்லை உடைத்துப் பெறும் தூள்மணலின் மணிகள் கூர்முனையுள்ளவை. அயிரையைப் போல மணலை வாயிலெடுத்துச் சலித்து இரைதேடும் மீன்களின் மீசைகளை அவை காயப்படுத்தும். ஆறு உருட்டிய மணிகளில் அக்கவலை குறைவு.

கழுவுவதன் அறிவியல் எளிது. மிக நுண்ணிய துணிக்கைகள் நீரில் படியும் வேகம் அவற்றின் விட்டத்தின் வர்க்கத்துக்கு விகிதசமமாகும். விட்டம் பத்திலொன்றாயின் வேகம் நூறிலொன்றாகும். எனவே அரிசி களைவதுபோல வாளியில் மணலைக் கலக்கி, மணிகள் படிந்த கணத்திலேயே கலங்கல் நீரைச் சாய்த்துவிட்டால் மண் வெளியேறிவிடும். தட்டையான மைக்காச் செதில்களும் பெரும்பாலும் உடன் போய்விடும். எஞ்சி மினுங்குபவற்றாலும், செந்நிறக் கார்னெட் மணிகளாலும் தீங்கில்லை.

60 சென்ரிமீற்றர் நீளமும் 30 சென்ரிமீற்றர் அகலமுமுள்ள தொட்டியில் 4 சென்ரிமீற்றர் உயரத்துக்குப் பரப்ப, உலர்ந்த மணல் 11 முதல் 12 கிலோகிராம் வரை வேண்டும். இதற்காக ஆற்றில் இறங்கி அள்ளத் தேவையில்லை, மணல் அகழ்வுக்கு அனுமதிப்பத்திரமும் வேண்டும். கட்டடப் பொருட்கள் விற்கும் கடையில் ஒரு சிறு மூட்டை வாங்கி, சலித்து, மேற்சொன்ன போத்தல் சோதனைக்கு உட்படுத்துவதே போதுமானது.