அரிசிச் சமையலுக்குள் நுழையும் கோதுமை

காரைக்குடிப் பக்கம் ஒரு வீட்டில் யாருக்காவது சீலியாக் நோய், அதாவது கோதுமை போன்ற தானியங்கள் ஆகாத குடல் நோய், என்று தெரிந்தால், "நமக்கென்ன, சப்பாத்தியையும் பரோட்டாவையும் விட்டால் போச்சு" என்றுதான் முதலில் நினைக்கத் தோன்றும். பாதி சரி. இடியாப்பம், வெள்ளைப் பணியாரம், கவுனி அரிசி, கும்மாயம், தேன்குழல் எல்லாம் அரிசியும் பருப்பும்தான். ரங்கூன் புட்டு மட்டும் ரவை, அதாவது கோதுமை, அது ஆகாது. ஆனால் இந்தப் பட்டியலோடு விஷயம் முடிவதில்லை.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் புரதம் குளூட்டன். நம் செரிமான நொதிகளால் இதை முழுவதுமாக வெட்டிச் சிதைக்க முடியாது. எல்லோர் குடலிலும் சில துண்டுகள் மிஞ்சும். பெரும்பாலோருக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை. சீலியாக் உள்ளவர்களுக்கோ, குடல் சுவரில் இருக்கும் டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நொதி அந்தத் துண்டுகளைச் சற்றே மாற்றுகிறது. அவர்கள் பரம்பரையாகப் பெற்ற டி.கியூ.2 அல்லது டி.கியூ.8 என்ற மூலக்கூறு, மாறிய துண்டை இறுகப் பற்றி நோய் எதிர்ப்பு அணுக்களுக்குக் காட்டுகிறது. அவை அதைப் பகையாக எடுத்துக்கொண்டு தாக்க, சிறுகுடலின் உறிஞ்சிகள் (சத்தை உறிஞ்சும் விரல் போன்ற சிறு நீட்சிகள்) தேய்ந்து தட்டையாகிவிடுகின்றன. இரும்பும் கால்சியமும் உடம்பில் ஒட்டுவதில்லை. மாத்திரை சாப்பிட்டும் தீராத இரத்தசோகைக்கு இதுவும் ஒரு காரணம். குழந்தை வளராமல் நிற்பதற்கும்தான்.

அந்த எதிர்ப்பு அணுக்களுக்கு நினைவு உண்டு. பல வருடம் விலகி இருந்தாலும் குளூட்டன் வந்தால் மறுபடி கிளம்பும். அளவும் பெரிதாக வேண்டியதில்லை: தினம் 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதம் உள்ளே போனாலே குடல் பாதிக்கப்படுவதை ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். 50 கிராம் மைதாவில் செய்த ஒரு பரோட்டாவில் ஏறக்குறைய 4 கிராம் குளூட்டன் இருக்கும். அதில் எண்பதில் ஒரு பங்குதான் இந்த 50 மில்லிகிராம்!

இதனால்தான் சமையலறையை நுணுக்கமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. முதலில் பெருங்காயம். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும். ஒரு சிட்டிகையில் கொஞ்சம்தான். ஆனால் சாம்பார், ரசம், ஊறுகாய் என்று தினமும் சேரும். அரிசி மாவு கலந்த பெருங்காயமும் கிடைக்கிறது, டப்பாவின் பின்பக்கத்தைப் படித்து வாங்குங்கள். அடுத்தது மாவு மில். முறுக்குக்கு அரிசி அரைக்கப் போகிறீர்கள். அதே எந்திரத்தில் சற்று முன்புதான் கோதுமை அரைத்திருப்பார்கள். ஒட்டியிருந்தது உங்கள் தூக்குக்குள் வந்துவிடும். ஊறவைத்து உலர்த்திய அரிசியை வீட்டிலேயே மிக்சியில் அரைத்து, தனிச் சல்லடையில் சலிப்பது நல்லது. விசேஷ வீடுகளில் பூரியும் சோமாசும் பொரித்த எண்ணெயில் சீயத்தைப் போட்டால் அதுவும் கெட்டது, ஏனென்றால் சூட்டில் குளூட்டன் அழியாது. அப்புறம், மால்ட் சேர்த்த சத்து பானம்: மால்ட் என்பது பெரும்பாலும் பார்லி.

பாக்கெட் பொருளில் 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிட, இந்திய விதிப்படி ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது.

சந்தேகம் வந்ததுமே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். இரத்தத்தில் தேடும் எதிர்ப்பொருள், கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் சரியாகத் தெரியும். நிறுத்தியபின் எடுத்த சோதனை, நோய் இருந்தும் இல்லை என்று காட்டக்கூடும். ஒருவருக்கு உறுதியானால் பெற்றோர், உடன்பிறந்தவர், பிள்ளைகளும் அந்தச் சோதனையைச் செய்துகொள்ள வேண்டும்.