வராந்தா: ஆங்கிலேய வில்லாவுக்குப் போன தாழ்வாரம்

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்தின் செல்ட்டனம் நகரில் எழுந்த வில்லாக்கள், அதாவது தோட்டத்தோடு கூடிய தனி வீடுகள், பலவற்றை வாசலிலேயே அடையாளம் கண்டுவிடலாம். வெள்ளைச் சாந்து பூசிய சுவரை ஒட்டி, வார்ப்பிரும்பில் கொடியும் பூவுமாக வேலை செய்த மெல்லிய தூண்கள். அவற்றின் மேல், கூடாரத் துணி தொய்ந்ததுபோல் உள்வளைந்து இறங்கும் உலோகத் தகட்டுக் கூரை. ஆங்கிலேயர் இதை வராந்தா என்றார்கள். அந்தச் சொல் இந்தியாவிலிருந்து கப்பலேறிப் போனது.

சொல்லின் மூலம் பற்றி இரண்டு கட்சி உண்டு. ‘வரண்ட’ என்ற சமஸ்கிருதச் சொல்லைக் காட்டுவோர் ஒரு பக்கம்; போர்த்துகீசிய ‘வரந்தா’தான் என்போர் மறுபக்கம். எனக்கு இரண்டாவதே வலுவாகப் படுகிறது. 1498இல் வாஸ்கோ ட காமாவோடு கோழிக்கோடு வந்தவர்களில் ஒருவர் எழுதிய பயணக் குறிப்பிலேயே இந்தச் சொல் வருகிறது. வந்து சில வாரங்களில் காதில் விழுந்த அயல்சொல்லாக இருந்தால், என்ன ஏது என்று சொல்லாமலா எழுதியிருப்பார்? போர்த்துகீசியத்துக்கு நெருங்கிய உறவுமொழியான ஸ்பானியத்தில் ‘பரந்தா’ என்றால் கைப்பிடிக் கிராதி. அப்படி வந்த சொல், இங்குள்ள வீடுகளின் முன்கூரைக்குப் பெயராகி, 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் போனது. இலங்கைத் தமிழில் இன்றும் அது ‘விறாந்தை’.

செல்ட்டனத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் பலர் குடியேறினார்கள். பழகிய வசதியை அவர்கள் விடவில்லை. ஆனால் ஊர் மாறியதும் அதன் வேலையும் மாறியது. இந்தியாவில் வராந்தா வெயிலைச் சுவரில் படாமல் தடுக்கும். காற்றை உள்ளே விடும். மழை ஓயாத இங்கிலாந்திலோ, நனையாமல் தோட்டத்தைப் பார்த்தபடி உலாவுவதற்கு அது இடம் கொடுத்தது. அதனால்தான் கூரைக்கு அடியில் தரைவரை இறங்கும் கண்ணாடிக் கதவுகளை வைத்தார்கள். வரவேற்பறையிலிருந்து ஓரடி வைத்தால் வெளியே வந்துவிடலாம். கோடை வெயிலில் திரைச்சீலையும் கம்பளமும் வெளுக்காமல் காத்தது கூடுதல் பயன். மரத்துக்குப் பதில் வார்ப்பிரும்பு வந்ததற்கும் காரணம் உண்டு: ஒரே அச்சில் எத்தனை தூண் வேண்டுமானாலும் வார்க்கலாம், தூண் ஒல்லியாக இருப்பதால் அறைக்குள் வெளிச்சமும் அதிகம் குறையாது.

தமிழில் இதை எப்படிச் சொல்வது? ‘திண்ணை’ என்று எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். திண்ணை உட்காரவும் படுக்கவும் எழுப்பிய மேடை. கூரையைப் பற்றி அந்தச் சொல் எதுவும் சொல்வதில்லை. ‘முகமண்டபம்’ பெருந்தூண் நிறுத்திய வாயிலுக்கே பொருந்தும். ‘ஆளோடி’ அழகான சொல். ஆள் நடமாடும் நீண்ட வழி என்பது அதிலேயே தெரிகிறது. ஆனால் பல ஊர்களில் வழக்கொழிந்துவிட்டது.

என் தேர்வு ‘தாழ்வாரம்’. சுவரில் தொடங்கித் தாழ்ந்து இறங்கும் கூரையும் அதன் கீழுள்ள இடமும் சேர்ந்தது அது. மலையின் ‘அடிவாரம்’ என்பதில் வருவதும் இதே ‘வாரம்’தான். செல்ட்டனத்து இரும்பு வேலைக்கும் நம் ஓட்டு வீட்டுக்கும் கட்டும் பொருள் வேறு, அமைப்பு ஒன்றே. வீட்டைச் சுற்றி ஓடினால் ‘சுற்றுத் தாழ்வாரம்’ எனலாம். மாடியில் கூரையின்றி நீட்டிய பகுதிக்கு மட்டும் இது ஆகாது. அது வராந்தா அல்ல, பால்கனி. அதற்கு ‘மேன்மாடம்’ இருக்கிறது.