எங்கேஜ்மென்ட்: கடப்பாடா, ஈடுபாடா?

கோலாலம்பூரில் நான் வேலை செய்யும் இடத்தில், போன வருஷம் ஊழியர்களுக்கு ஒரு கருத்தாய்வு பாரம் (படிவம்) வந்தது. அதைத் தமிழாக்கும் வேலை என் தலையில் விழுந்தது. ‘எம்ப்ளாயி எங்கேஜ்மென்ட்’ என்ற இடத்தில் ‘ஊழியர் கடப்பாடு’ என்று போட்டேன். நம்மூர் நாளிதழ்களில் தினமும் புழங்கும் சொல்தானே. துப்புரவுப் பிரிவு அக்கா ஒருவர் ஐந்துக்கு ஐந்து போட்டுவிட்டுச் சொன்னார்: “கடப்பாடு இல்லாமலா தம்பி? கார் லோன் இன்னும் நாலு வருஷம் ஓடுதே.”

அக்கா மேல் பிழையில்லை. கடன் என்றாலே கடமை என்றும் பொருள் உண்டு. பிழை என் சொல்லில்தான்.

‘எங்கேஜ்’ பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. உள்ளே இருக்கும் ‘கேஜ்’ அடகுப் பொருளைக் குறிக்கும். மார்ட்கேஜில் இருப்பதும் அதே கேஜ்தான். கல்யாண நிச்சயத்தில் அடகு போவது வாக்கு. வேலைக்கு இந்தச் சொல்லைக் கொண்டுவந்தவர் என்று பலரும் காட்டுவது ஆய்வாளர் வில்லியம் கானை. உடல், அறிவு, உணர்வு மூன்றையும் ஒருவர் வேலைக்குள் கொண்டுவருவதை 1990இல் அவர் அப்படி விளக்கினார்.

தமிழில் இதற்கு ஈடுபாடுதான் சரி. ‘ஈடு’ என்றாலும் அடகுதான். இங்கே கோலாலம்பூரின் லெபோ அம்பாங் தெருவில் செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய காலத்தில் நிலத்தையும் நகையையும் ஈடு வைத்தவர்கள் எத்தனை பேரோ! ஒலிப்பொருத்தம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், எனக்குப் பிடித்திருக்கிறது.

கமிட்மென்ட், அதாவது நிறுவனத்தை விடாமல் இருப்பது, வேறு. ஆய்வாளர்கள் மேயரும் ஆலனும் 1991இல் அதை மூன்றாகப் பிரித்தார்கள்: பிடித்துப்போய் இருப்பது, விட்டால் நஷ்டம் என்று இருப்பது, விட்டுப் போவது முறையல்ல என்று இருப்பது. அக்காவுடையது இரண்டாவது. கடப்பாடு மூன்றாவதற்குத்தான் பொருந்தும். மூன்றுக்கும் பொதுவாகப் ‘பற்று’ போதும் என்பேன்.

ஈடுபாட்டை அளப்பதற்குப் பல பாரங்கள் உண்டு. உட்ரெக்ட் அளவுகோலில் 17 வாக்கியங்கள். வேலையில் இறங்கினால் நேரம் போவது தெரிகிறதா என்பது போன்றவை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 6 வரை போடலாம். கேலப் நிறுவனத்தின் பாரத்தில் 12 கேள்விகள். வேலையிடத்தில் உயிர்த்தோழர் இருக்கிறாரா என்றுகூட ஒன்று. இதெல்லாம் ஒரு கேள்வியா என்று நினைத்தேன்.

அப்புறம் சொல்லை மாற்றி, பாரத்தை மறுபடி கொடுத்தோம். அக்கா வெகுநேரம் யோசித்து மூன்று போட்டார்.

“டாய்லெட் கழுவுறதுல என்ன ஈடுபாடு தம்பி? மத்தியானம் நாங்க அஞ்சு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுறோமே, அந்த மூணு அதுக்கு.”