ஒரே கட்டளையில் காணாமல் போகும் 708 பேர்

தரவு அறிவியல் படிக்கத் தொடங்குபவர்களின் கைக்கு முதலில் வந்து சேரும் அட்டவணைகளில் ஒன்று, டைட்டானிக் கப்பல் பயணிகளுடையது. தரவு அறிவியல் போட்டிகள் நடத்தும் காகில் என்ற இணையதளம் பயிற்சிக்காகத் தரும் கோப்பில் 891 வரிசைகள், 12 பத்திகள் இருக்கின்றன. பெயர், வயது, வகுப்பு, அறை எண், ஏறிய துறைமுகம், பிழைத்தாரா இல்லையா என்ற விவரங்கள் அதில் உண்டு. பைத்தான் நிரல்மொழியில் அட்டவணைகளைக் கையாள உதவும் பாண்டாஸ் என்ற நிரல் தொகுப்பில் இதைத் திறந்து, காலிக் கட்டமுள்ள வரிசைகளை நீக்கும் டிராப்னா (dropna) என்ற கட்டளையை வேறு எதையும் குறிப்பிடாமல் கொடுத்துப் பாருங்கள். 183 வரிசைகள்தான் மிஞ்சும். பிழைச்செய்தி எதுவும் வராது, எச்சரிக்கையும் வராது.

கட்டளை உள்ளே செய்வது எளிமையான வேலை. முதலில் ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்து, மதிப்பு இருக்கிறதா இல்லையா என்று குறித்துக்கொள்கிறது. பிறகு, வரிசை வரிசையாகப் போய், ஒரு கட்டமாவது காலியாக இருந்தால் அந்த வரிசையைக் கழித்துவிடுகிறது. எஞ்சியவற்றைப் புதிய அட்டவணையாகத் திருப்பித் தருகிறது. பழைய அட்டவணை அப்படியே இருக்கும். விடையை ஒரு மாறியில் வாங்கி வைக்காவிட்டால் எதுவுமே நடக்காதது போலத் தோன்றுவது இதனால்தான்.

காலிக் கட்டம் என்பது கணினிக்கு என்ன? எண் பத்திகளில் அது நேன் (NaN, 'எண் அல்ல') எனப்படும் தனி மதிப்பு. தசம எண்களைக் கணினி எப்படிச் சேமிக்க வேண்டும் என்று 1985இல் வந்த ஐஇஇஇ 754 தரநிலை இதற்கும் இடம் வைத்தது. அதன் விசித்திரமான குணம், அது தனக்குத்தானே சமமில்லை என்பது. ஆகவே சமக்குறி போட்டு நேனைத் தேடினால் ஒன்றுகூட அகப்படாது. காலியா என்று சோதிக்கும் இஸ்என்ஏ (isna) என்ற கட்டளையால் கேட்க வேண்டும். முழு எண்கள் மட்டுமே உள்ள ஒரு பத்தியில் ஒரு கட்டம் காலியானால், 22 என்பது திரையில் 22.0 என்று மாறி நிற்பதற்கும் இதுவே காரணம். பாண்டாஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் முழு எண் வகையில் நேனுக்கு இடமில்லை, எனவே பத்தி முழுவதும் தசமமாகிவிடுகிறது. இன்னொன்றும் உண்டு: சிஎஸ்வி கோப்பை (மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து எழுதிய அட்டவணையை) படிக்கும்போது வெற்றிடத்தை விடுபட்டதாகப் பாண்டாஸ் எடுத்துக்கொள்ளும். ஆனால் மதிப்பு தெரியாத இடத்தில் யாரோ -999 என்று நிரப்பி வைத்திருந்தால் அதை உண்மையான எண்ணாகவே நம்பும். டிராப்னா அதைத் தொடாது.

இனி அந்த 183க்கு வருவோம். 891 பேரில் பிழைத்தவர்கள் 342, அதாவது 38 விழுக்காடு. டிராப்னாவுக்குப் பின் மிஞ்சிய 183 பேரில் 123 பேர் பிழைத்தவர்கள். விழுக்காடு 67! இந்த அட்டவணையை மட்டும் வைத்துக் கணக்குப் போடுபவர், டைட்டானிக்கில் பெரும்பாலோர் தப்பித்தார்கள் என்று எழுதிவிடுவார்.

தவறு எங்கே நுழைந்தது? அறை எண் பத்தியில். 687 பேருக்கு அது பதிவாகவில்லை. அறை எண் தெரிந்த 204 பேரில் 176 பேர் முதல் வகுப்பு. முதல் வகுப்பு அறைகளை நாம் அறிவதே பெரிதும் ஹெர்பர்ட் கேவ் என்ற கப்பல் பணியாளரின் உடலோடு மீட்கப்பட்ட பட்டியலால்தான். மூன்றாம் வகுப்பினருக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை. அட்டவணையில் இருந்த 491 மூன்றாம் வகுப்புப் பயணிகளில் டிராப்னாவுக்குப் பின் எஞ்சுவது 10 பேர். 1912இல் ஏழையாகப் பயணம் செய்தவரின் விவரம் பதிவாகவில்லை. நம் கட்டளை அவரை இன்னொரு முறை அழிக்கிறது. எனக்கு இது வெறும் நிரல் நுணுக்கமாகப் படவில்லை.

விடுபடல் எதனால் நேர்ந்தது என்பதைப் பொறுத்தே அதை ஒதுக்கலாமா என்று தீர்மானிக்க முடியும் என்பதைப் புள்ளியியலாளர் டொனால்ட் ரூபின் 1976இல் ஒரு கட்டுரையில் முறைப்படுத்தினார். விடுபடல் முற்றிலும் தற்செயல் என்றால் வரிசைகளை நீக்குவது எண்ணிக்கையைக் குறைக்கும், சராசரியை ஒரு பக்கமாகச் சாய்க்காது. அறை எண் விடுபட்டது தற்செயல் அல்ல. வயதும் அப்படித்தான்: அது தெரியாத 177 பேரில் 136 பேர் மூன்றாம் வகுப்பு.

கையாளும் வழி இருக்கிறது. நீக்குவதற்கு முன் ஒவ்வொரு பத்தியிலும் எத்தனை காலி என்று எண்ணுங்கள். முக்கால் பங்குக்கு மேல் காலியான அறை எண் பத்தியையே நீக்கிவிடலாம், மனிதர்களை நீக்க வேண்டியதில்லை. வயதைத்தான் ஆராய்கிறீர்கள் என்றால், எந்தப் பத்திகளைப் பார்க்க வேண்டும் என்று டிராப்னாவுக்குச் சொல்லும் சப்செட் (subset) என்ற அளவுருவில் வயதுப் பத்தியை மட்டும் குறிப்பிடுங்கள்; 714 பேர் நிற்பார்கள், பிழைத்தோர் விழுக்காடு 41க்குச் சற்றுக் கீழே இருக்கும். சாய்வு கொஞ்சம் இருக்கிறது, ஆனால் 67 எங்கே, இது எங்கே! எதையும் குறிப்பிடாமல் டிராப்னா கொடுத்தால், வரிசை எண்கள் 1, 3, 6, 10 என்று இடைவெளியோடு நிற்கும். அவற்றை உடனே மாற்றிவிடாதீர்கள். யார் யார் போனார்கள் என்று மூல அட்டவணையோடு ஒப்பிட அவைதான் உதவும்.

ஏறிய துறைமுகம் தெரியாதவர்கள் இரண்டே பேர். இருவரும் முதல் வகுப்பு, இருவரும் பிழைத்தவர்கள், இருவருக்கும் அறை எண் பி28. அவர்கள் சௌத்தாம்ப்டனில் ஏறினார்கள் என்பது வரலாற்றுப் பதிவுகளில் இருக்கிறது. அங்கே டிராப்னாவே வேண்டாம், கட்டத்தை நிரப்பிவிடலாம்.