கத்தி கிட்ட இழுக்கும், மந்திரம் தூரத் தள்ளும்

திருப்பாச்சேத்தில எனக்குப் பழக்கமான ஒரு பட்டறை இருக்கு, மதுரையில இருந்து மானாமதுரை ரோட்டுல திருப்புவனத்தைத் தாண்டிப் போனா வரும், அருவாளுக்குன்னே பேர் போன ஊரு. வீட்டுக்கு இளநி வெட்ட ஒரு அருவா சொல்லி வச்சிருந்தேன், வாங்கப் போனா அண்ணன் இன்னும் பிடி போடலைன்னு அங்கிட்டு ஒரு ஸ்டூலைக் காட்டி உக்கார வச்சுட்டாரு. சும்மா எவ்வளவு நேரம்தான் உக்கார்றது, போன்ல ஒரு படத்தோட ஆரம்ப சீனைப் போட்டு அவருகிட்ட நீட்டினேன். 1982-ல வந்த கோனன் தி பார்பேரியன், அர்னால்டு நடிச்சது, வாளு, மந்திரம், பழிக்குப் பழின்னு போற படம். எங்க அண்ணன் செட்டு ஆளுங்க இந்த மாதிரி இங்கிலீஷ் படமெல்லாம் மதுரை ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துல ரீகல் தியேட்டர்ல பாத்தவங்க, நமக்கு போனுதான்.

படம் ஆரம்பிக்கிறப்பவே ஹீரோவோட அப்பா, அவரும் கொல்லருதான், உருக்குன இரும்பை அச்சுல ஊத்தி வாள் செய்வாரு. அண்ணன் சிரிச்சுட்டாரு. "இதென்ன தம்பி, அச்சு வெல்லமா? ஊத்துறது வெண்கலம். எஃகுன்னா அடிக்கணும்ல." அவரு சொல்றது சரி, வெண்கல வாளத்தான் ஊத்தி எடுக்கலாம், எஃகைக் காய்ச்சி அடிச்சு நீட்டித்தான் வாளாக்கணும். அவரு கையிலயே லாரி ஸ்பிரிங் பட்டையில வெட்டுன துண்டு செவசெவன்னு இருந்துச்சு, பேசிக்கிட்டே அதைத் தண்ணித் தொட்டியில முக்குனாரு, சொய்ங்னு ஒரு சத்தம்.

சிரிச்சாரே ஒழிய போனைத் திருப்பித் தரல. ஊருக்குள்ள குதிரையில ஆளுங்க வந்து எல்லாரையும் வெட்டுறாங்க, அப்பன் செத்துட்டான், அவன் செஞ்ச வாள் வில்லன் கைக்குப் போயிருச்சு. அண்ணன் கேட்ட மொத கேள்வி, "அந்த வாள பய எப்பத் திரும்ப வாங்குவான்?"

பையன் பேரு என்ன, வில்லன் யாரு, எந்த நாடு, எதுவும் கேக்கல. வாள் எப்ப திரும்ப வரும்னு மட்டும் கேட்டாரு. ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஓடுற படத்தை இந்த ஒத்தக் கேள்விதான் இழுத்துட்டுப் போகுது, அது எப்படி வேலை செய்யுதுங்கிறதுதான் சுவாரஸ்யம்.

1928-ல மரியா ஓவ்சியன்கினான்னு மனசைப் பத்தி ஆராய்ச்சி பண்ற ஒரு அம்மா பெர்லின்ல ஒரு சோதனை பண்ணுனாங்க. ஆளுங்ககிட்ட சின்னச் சின்ன வேலை குடுத்து, பாதியில நிறுத்தச் சொல்லிட்டு சும்மா விட்டுட்டாங்க. முடிச்சா காசு கிடையாது, பரிசு கிடையாது, முடின்னு யாரும் சொல்லவும் இல்ல, இருந்தாலும் பெரும்பாலானவங்க தானாவே போய் விட்ட இடத்துல இருந்து திரும்ப ஆரம்பிச்சுட்டாங்க. இதுக்கு முந்தின வருஷம் சைகார்னிக்னு இன்னொருத்தங்க, பாதியில விட்ட வேலைதான் நல்லா ஞாபகத்துல நிக்கும்னு சொன்னாங்க, ஊரெல்லாம் அதைத்தான் எடுத்து எழுதுவாங்க, ஆனா அந்த ஞாபக விஷயம் பின்னாடி செஞ்ச சோதனைகள்ல அவ்வளவு பலமா நிக்கல. நின்னது ஓவ்சியன்கினா சொன்னதுதான், தொடங்குனத முடிக்கணும்ங்கிற அரிப்பு. வாளை வில்லன் கையில குடுத்துட்டு கதையை நகத்துறது அந்த அரிப்பை நம்ம தோல்ல தடவி விடுற வேலை.

ஆனா அரிப்பு மட்டும் பத்தாது, வில்லன் சாகணும்னு நமக்கே தோணணும், நாம எல்லாம் சாதாரணமா ஒரு கோழி அடிபட்டாக்கூட உச்சு கொட்டுற ஆளுங்கதானே. மூளை ஆராய்ச்சி பண்ற டானியா சிங்கர் குழு 2006-ல மூளையைப் படம் பிடிக்கிற ஸ்கேனர்ல ஆளுங்களைப் படுக்க வச்சுப் பாத்தாங்க. மொதல்ல ஒரு காசு விளையாட்டு, அதுல ஒருத்தன் நியாயமா ஆடுவான், இன்னொருத்தன் ஏமாத்துவான், அப்புறம் ரெண்டு பேர் கையிலயும் ஷாக் குடுக்கிறதைக் காட்டுனாங்க. நியாயமானவனுக்கு வலிக்கிறப்ப பாக்குறவங்க மூளையிலயும் வலி சம்பந்தப்பட்ட இடம் வேலை செஞ்சுச்சு. ஏமாத்துனவனுக்கு வலிச்சப்ப ஆம்பளைங்க மூளையில அது நல்லாவே கொறஞ்சு, பரிசு கிடைச்சா சந்தோஷப்படுற இடம் லைட்டா வேலை செஞ்சுச்சு. அதனாலதான் வில்லன் கெட்டவன்னு வசனத்துல சொன்னா எடுபடாது, ஒரு மோசடியைக் கண்ணால காட்டணும்.

இந்தப் படத்துல அதை எவ்வளவு கச்சிதமா பண்ணிருக்காங்கன்னு பாருங்க. அம்மா கையில வாளோட நிக்கிறா, இன்னொரு கையில பையன் கை. வில்லன் சண்டையே போடல, உத்துப் பாக்குறான், அவ்வளவுதான், அவ கண்ணு சொக்கி வாள் மெதுவா கீழ எறங்குது. அவனும் திரும்பிப் போற மாதிரி திரும்புறான், அப்படியே சுத்தி ஒரே வீச்சு. தலை போறதை நாம சரியாப் பாக்குறது இல்ல, பையன் கையில இருந்து அம்மா கை நழுவுறதைத்தான் பாக்குறோம். சண்டையில ஜெயிச்சிருந்தா அவன் வெறும் எதிரி. மயக்கிட்டு வெட்டுனதால மோசக்காரன். ஸ்கேனர்ல ஏமாத்துனவன் இருந்த இடத்துல இப்ப இவன் இருக்கான்.

இங்கதான் எனக்கு ஒண்ணு புரிஞ்சுச்சு. இந்த வகைக் கதைக்கு வாளும் மந்திரமும்னு 1961-ல பேரு வச்சது ஃபிரிட்ஸ் லைபர்னு ஒரு எழுத்தாளர், கோனன் கதை அதுக்கும் முன்னாடி 1932 டிசம்பர்லயே டெக்சாஸ்காரர் ராபர்ட் ஹோவார்டு எழுதி அமெரிக்கப் பத்திரிகையில வந்துருச்சு. நாம அந்தப் பேரை ஏதோ கடையில சரக்கு வகை பிரிக்கிறதுக்கு எழுதுன போர்டு மாதிரி படிக்கிறோம், ஆனா கதையோட எஞ்சினே அந்த ரெண்டு வார்த்தையிலதான் இருக்கு. வாள்னா கிட்டக்க வரணும். துப்பாக்கின்னா நூறு அடிக்கு அங்கிட்டு இருந்து சோலியை முடிச்சுறலாம், செத்தவனுக்கு சுட்டது யாருன்னே தெரியாது. வாளுக்கு ஒரு கை நீளம், எதிராளி மூச்சு நம்ம மேல படுற தூரம். மந்திரம் இதுக்கு நேர் எதிர், அது வில்லனைச் சுத்தி தூரத்தை உண்டாக்கும். ஏழு கடல் ஏழு மலை தாண்டி கிளிக்குள்ள உயிரை ஒளிச்சு வைக்கிற மந்திரவாதி கதை பாட்டி சொல்லிக் கேட்டிருப்போம், அது உலகம் முழுக்க இருக்கு, நாட்டுப்புறக் கதைகளை நம்பர் போட்டு வகை பிரிச்சு வச்சிருக்கிற பட்டியல்ல அதுக்கு 302.

நம்ம அழகர்கோயில் கதையே இருக்கே. பதினெட்டாம்படிக் கருப்பு சன்னதியில படிக்கட்டு முன்னாடி அடைச்ச கதவு, அந்தக் கதவுக்குத்தான் சந்தனம், அந்தக் கதவுக்குத்தான் கும்பிடு, காணிக்கையா வந்த அருவா ஆள் உசரத்துக்கு மேல நிக்கும். மலையாள தேசத்துல இருந்து பதினெட்டு மந்திரவாதிங்க அழகரோட சக்தியைக் கவர வந்தாங்களாம், கண்ணுல மாய மை தடவிக்கிட்டா யார் கண்ணுக்கும் தெரிய மாட்டாங்களாம். ஊர்க்காரங்க என்ன பண்ணுனாங்கன்னா, காரமா சமைச்சு ஆவியைக் கெளப்பி விட்டுட்டாங்க, கண்ணுல தண்ணி கொட்டி மை கரைஞ்சு எல்லாரும் வெளிச்சத்துக்கு வந்துட்டாங்க, பிடிச்சு வெட்டி ஒவ்வொரு படிக்கும் கீழ ஒருத்தரைப் புதைச்சாச்சு, அவங்க கூட வந்த கருப்பன் காவலுக்கு நின்னுட்டாரு. சொல்றவங்களைப் பொறுத்து அங்கிட்டு இங்கிட்டு மாறும், ஆனா எலும்புக்கூடு இதான். மை இருக்கிற வரைக்கும் அவங்க பக்கத்துல நின்னாலும் தூரம், கரைஞ்ச நிமிஷம் அருவா எட்டுற தூரம்.

சினிமாவுல அந்த மை கரையறதுக்கு ரெண்டு மணி நேரம் எடுத்துக்கிறாங்க, நடுப்பகுதிங்கிறது அவ்வளவுதான். பையனைச் செக்கு மாதிரி ஒரு பெரிய சக்கரத்துல கட்டி சுத்த விடுறாங்க, சுத்திச் சுத்தியே அர்னால்டு ஆகிடுறான், வருஷம் ஓடுனதுக்கு வசனமே தேவைப்படல. அப்புறம் அடிமைச் சண்டை, திருட்டு, கூட்டாளி, காதல். இதுல பாதியை நான் எப்பவும் ஓட்டி விட்டுருவேன், பெருசா ஒண்ணும் கெட்டுப் போகாது. கவனிக்க வேண்டியது ஹீரோ எத்தனை தடவை வில்லன் கிட்டக்கப் போறான்ங்கிறதுதான். மொதத் தடவை பக்தன் வேஷத்துல போய் மாட்டிக்கிட்டு மரத்துல ஆணியடிச்சு விடுறாங்க. ரெண்டாம் தடவை கோட்டைக்குள்ளயே போயிடுறான், வில்லன் பாம்பா மாறி நழுவிடுறான். ஒவ்வொரு தடவையும் தூரம் கொறஞ்சு, பட்டுன்னு கூடிரும். நேர்கோடா கொறைஞ்சுக்கிட்டே போனா கதை அரை மணியில முடிஞ்சிரும், கூடிக்கிட்டே இருந்தா எந்திரிச்சுப் போயிருவோம்.

மொதத் தடவை மாட்டுறப்ப நடக்கிற பேச்சுதான் படத்துலயே முக்கியம்னு நான் நெனைக்கிறேன். எங்கம்மாவைக் கொன்ன, எங்கப்பனைக் கொன்ன, எங்கப்பன் வாளை எடுத்துட்டுப் போனன்னு ஹீரோ சொல்றான். அதுக்கு வில்லன், அப்படியா, அது நான் இளவட்டமா இருந்தப்ப நடந்திருக்கும், அப்பெல்லாம் எனக்கு எஃகு மேல ஆசைங்கிற மாதிரி சாதாரணமா சொல்லிட்டுப் போறான். அவனுக்கு ஞாபகமே இல்லய்யா! இவன் சக்கரம் சுத்துன அத்தனை வருஷமும் அவன் கணக்குல ஒரு வரிகூட இல்ல.

அந்த நேரத்துல அவனைக் குத்திப் போட்டிருந்தாலும் நமக்குப் பத்தாது. ஏன்னு மனசைப் பத்தி ஆராய்ச்சி பண்ற ஜெர்மனிக்காரர் மரியோ கோல்விட்சர் சோதனை பண்ணிப் பாத்திருக்காரு, 2009-லயும் 2011-லயும் அவரும் கூட்டாளிகளும் செஞ்சது. கேள்வி சிம்பிள்தான், கெடுதல் பண்ணுனவன் கஷ்டப்படுறதைப் பாத்தாப் போதுமா, இல்ல எதுக்காகப் படுறோம்னு அவனுக்குத் தெரியணுமா. ஜோடியா வேலை செஞ்சு ஜெயிச்ச பரிசுச் சீட்டைக் கூட்டாளி அநியாயமா அமுக்கிக்குவான், பாதிக்கப்பட்டவர் அவன் பங்குல வெட்டலாம். வெட்டுனதுக்கு அப்புறம் அவன்கிட்ட இருந்து ஒரு தகவல் வரும். நான் செஞ்சதுக்குத்தான் இதுன்னு புரிஞ்சுக்கிட்டேன்னு வந்தாத்தான் திருப்தி. புரியாத மாதிரி வந்தா, வெட்டியும் மனசு ஆறல.

சிலப்பதிகாரத்துக்கு வந்தா இது அப்படியே நம்ம ஊர்ல நடக்குது. கண்ணகி கையில வாள் கிடையாது, ஒத்தச் சிலம்புதான். ராஜா தூரத்துல இருக்காரு, நடுவுல வாசல், காவலாளி, சிம்மாசனம், மந்திரம் செய்ற வேலையை இங்க அரண்மனை செய்யுது. அவ கிட்டக்கப் போய் மொதல்ல செய்றது பேரு, ஊரு, புருஷன் யாருன்னு சொல்றதுதான். என் தேவி சிலம்புல இருக்கிறது முத்துன்னு ராஜாவே வாயக் குடுக்கிறாரு. இவ தன் சிலம்பை உடைக்கிறா, உள்ள மாணிக்கம், அந்தப் பரல் தெறிச்சு மன்னன் வாய்கிட்டப் போய்ப் படுதுன்னு இளங்கோ எழுதுறாரு. எவ்வளவு கிட்டம் பாருங்க, வாய்கிட்ட! வாள் போக வேண்டிய தூரத்தை ஒரு பரல் போயிருச்சு. உடனே பாண்டியன் "யானோ அரசன் யானே கள்வன்"னு சொல்லி விழுந்து சாகுறாரு. கோல்விட்சர் எதிர்பாத்த அந்தத் தகவல் இதான், ராஜா வாயாலயே வந்துருச்சு, யாரும் வெட்டவே இல்ல.

1982 படத்துக்கு க்ளைமாக்ஸ்ல படிக்கட்டு. வில்லன் ஆயிரக்கணக்கான பக்தருங்க முன்னாடி நிக்கிறான், அதுக்கு முந்துன சண்டையில ஹீரோ அப்பன் வாளை மீட்டாச்சு, ஆனா உடைஞ்சு போச்சு. வில்லன் கடைசியா அதே பழைய வித்தையை எடுக்கிறான், உத்துப் பாத்து, நான்தானே உன்னை உருவாக்குனேன், நான் இல்லேன்னா நீ யாருன்னு இழுக்கிறான். ஹீரோ முகம் சொக்க ஆரம்பிக்குது. அம்மாவுக்கு நடந்தது அப்படியே திரும்ப நடக்குது, அதே கண்ணு, அதே தூரம். அப்புறம் உடைஞ்ச வாளைத் தூக்குறான், அதைப் பாத்ததும் வில்லன் மூஞ்சி மாறுதுங்க, ஞாபகம் இல்லாதவனுக்கு ஞாபகம் வந்துருச்சு. வாள் உடைஞ்சதுனால இன்னும் குட்டை, இன்னும் கிட்டக்கப் போனாத்தான் எட்டும்.

முடிஞ்சதும் கொண்டாட்டம் கிடையாது, கூட்டமெல்லாம் போன பிறகு அவன் படியில ஒத்தையா உக்காந்திருப்பான். இதுலயும் விஞ்ஞானம் படத்துப் பக்கம்தான் நிக்குது. 2004-ல சூரிச்ல மூளை ஆராய்ச்சிக்காரங்க பாத்தப்ப, ஏமாத்துனவனைத் தண்டிக்கிறப்ப மூளையில பரிசை எதிர்பாக்குற பகுதி துடிச்சுச்சு, கவனிங்க, எதிர்பாக்குற. 2008-ல கார்ல்ஸ்மித், வில்சன், கில்பர்ட்னு மூணு ஆராய்ச்சிக்காரங்க தண்டிச்சு முடிச்சவங்களைக் கேட்டா, அவங்க தண்டிக்க வாய்ப்பே கிடைக்காதவங்களை விட மோசமா ஃபீல் பண்ணுனாங்க, ஏமாத்துனவனையே நெனச்சுக்கிட்டும் இருந்தாங்க. கண்ணகியும் மதுரையை எரிச்சுட்டு சந்தோஷமா போகல, வைகைக் கரையோட மேற்க நடந்தா, ராத்திரி பகல் தெரியாம.

பிடி போட்டு முடிச்சு அருவாளைத் தாள்ல சுத்திக் குடுத்தப்ப அண்ணனுக்குக் க்ளைமாக்ஸையும் ஓட்டிக் காமிச்சேன். வாள் திரும்ப வந்ததுல அவருக்குத் திருப்திதான், உடைஞ்சதுலதான் வருத்தம். படியில உக்காந்திருக்கிறவனைக் கொஞ்ச நேரம் பாத்தாரு. "ஊரு எரிஞ்சு போச்சுல்ல," ன்னாரு. "இவன் இனிமே எங்கிட்டுப் போவான்?"