"ஆள் பார்க்க கிளீனா இருந்தார் டாக்டர்"

இந்த மாதம் என்னிடம் இதைச் சொன்ன நாலாவது ஆள் அவர். அதனால்தான் மருந்தகத்தை மூடிவிட்டு வந்து, சாப்பிடக்கூடத் தோன்றாமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இங்கே சிங்கப்பூரில் இருக்கும், இருபதுகளின் நடுவில் உள்ள தமிழ்ப் பையன். சில மாதங்களாக ஒரே மாதிரி வந்த இரண்டு மூன்று பேரை ஒருவராக்கிச் சொல்கிறேன், அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காக. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் செம்பு நிறத்தில் புள்ளி புள்ளியாகத் தடிப்பு. அரிப்பு கிடையாது. ஜிம்மில் புதிதாகக் குடிக்க ஆரம்பித்த புரோட்டீன் பவுடர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து மூன்று வாரம் எதையெதையோ தடவியிருக்கிறார். கையைத் திருப்பிக் காட்டியதுமே எனக்குப் புரிந்துவிட்டது. ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது. சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய், இரண்டாம் கட்டம். பழைய ஆட்கள் மேகப்புண் என்பார்களே, அதன் அடுத்த படி.

"ஆணுறை போட்டீங்களா தம்பி?"

"இல்ல டாக்டர். அவர் பார்க்க ரொம்ப கிளீனா இருந்தார். தினமும் ஜிம் போறவர். உடம்பு அப்படி இருக்கும்."

கிளீன். இந்த ஒரு சொல்லால் எத்தனை பேருக்கு நான் ஊசி போட்டிருக்கிறேன் என்று எண்ணிப் பார்க்கவே பயமாக இருக்கிறது. ஆண்கள் ஆண்களைத் தேடும் செயலிகளில் தங்களைப் பற்றி எழுதும் இடத்தில் 'நான் கிளீன், நீங்களும் கிளீனாக இருக்கணும்' என்று போட்டுக்கொள்கிறார்கள். என்ன அர்த்தம்? கடைசியாக எப்போது பரிசோதனை செய்தார் என்று அதில் இருக்கிறதா? எந்தெந்த நோய்க்கு என்று இருக்கிறதா? அதற்குப் பிறகு எத்தனை பேருடன் இருந்தார் என்று இருக்கிறதா? ஒன்றும் இல்லை. குளித்திருக்கிறார், தாடியைத் திருத்தியிருக்கிறார், வயிற்றில் மடிப்பு இல்லை. அவ்வளவுதான் தெரியும்.

சிஃபிலிஸ் புண் வலிக்காது. ஆசனவாய்க்குள்ளோ தொண்டையிலோ வந்தால் அவருக்கே தெரியாது. மூன்று முதல் ஆறு வாரத்தில் தானாக ஆறியும் விடும். நோய் மட்டும் உள்ளேயே இருக்கும். கொனோரியாவும் பால்வினை நோய்தான், தொண்டையில் இருந்தால் பெரும்பாலும் ஓர் அறிகுறியும் காட்டாது. எச்ஐவி வருடக்கணக்கில் எதுவும் காட்டாமல் இருக்கும். வாரத்தில் ஆறு நாள் எடை தூக்குபவருக்கும் இதேதான், புரோட்டாவும் நாசி லெமாக்கும் சாப்பிட்டுத் தொந்தி போட்டவருக்கும் இதேதான். கிருமிக்குத் தசை தெரியாது. உங்கள் கண்ணுக்குக் கிருமி தெரியாது.

இதன் மறுபக்கம் எனக்கு இன்னும் ஆத்திரமூட்டுகிறது. ஒல்லியாக இருப்பவரைப் பார்த்தால் 'அவனுக்கு ஏதோ இருக்கு' என்று ஒதுங்குவது. எலும்பும் தோலுமாகப் படுத்திருந்தவர்களின் படங்கள் 1996-க்கு முந்தைய காலத்தவை, கூட்டு மருந்துச் சிகிச்சை வருவதற்கு முன். இன்று ஒழுங்காக மருந்து எடுக்கும் எச்ஐவி நோயாளி உங்களையும் என்னையும் போலத்தான் இருப்பார். அதுமட்டுமில்லை. ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு வழியாக அவரிடமிருந்து எச்ஐவி பரவாது. ஒருவருக்கு எச்ஐவி இருந்து, மற்றவருக்கு இல்லாத ஏறக்குறைய 800 ஆண் இணைகளை ஐரோப்பாவில் வருடக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார்கள். முடிவு 2019-இல் வெளியானது. ஆணுறை இல்லாமல் 76,000-க்கும் மேற்பட்ட தடவை. துணையிடமிருந்து ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை.

அதாவது, உண்மையைச் சொல்லிவிட்டு மாத்திரை போடுகிறவரை 'கிளீன் இல்லை' என்று தள்ளிவிட்டு, சோதித்தே பார்க்காத அழகான ஒருவரோடு போகிறோம். ஆபத்து யாரிடம் என்று நீங்களே சொல்லுங்கள்.

அந்தத் தம்பியிடம் அப்புறம் இன்னொன்றும் கேட்டேன். சரி, அவரைப் பார்த்ததும் நம்பிவிட்டீர்கள், இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "என்ன மாதிரி ஒருத்தன அவர் மாதிரி ஆள் கூப்பிட்டதே பெருசு டாக்டர். கேட்டா போயிடுவாரோன்னு பயம்."

இதற்கு நான் ஊசி போட முடியாது.

'இந்தியர்கள் வேண்டாம்' என்று வெளிப்படையாக எழுதி வைத்திருக்கும் பக்கங்களை நோயாளிகள் என்னிடம் கைப்பேசியில் காட்டியிருக்கிறார்கள். கறுப்பு, குண்டு, முடி அதிகம், பெண் சாயல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு 'வேண்டாம்'. சின்ன வயதிலிருந்து வீட்டிலேயே 'வெயில்ல நிக்காத, கறுத்துடுவ' என்று கேட்டு வளர்ந்தவன், இதைப் படித்தால் எப்படி நிமிர்ந்து நிற்பான்? யாரோ ஒருவர் வேண்டும் என்று சொன்னதும் அதை இழக்க மனம் வராது. ஆணுறையைப் பற்றிப் பேசினால் அந்த இரவு கைவிட்டுப் போய்விடும் என்று தோன்றும். ஆணுறை எங்கே கிடைக்கும் என்று தெரியாதவர் யாரும் சிங்கப்பூரில் இல்லை. வேண்டும் என்று சொல்லும் தைரியம்தான் இல்லை. இதை அசட்டை என்று எழுதி வைக்கும் என் சக மருத்துவர்கள் தயவுசெய்து இன்னொரு கேள்வி கேளுங்கள். 'கல்யாணமாச்சா' என்பதோடு நிறுத்திக்கொண்டால் இவர்கள் எதையும் சொல்ல மாட்டார்கள்.

உடம்பை மாற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று கிளம்புகிறவர்கள் இன்னொரு பக்கம். யாரோ விற்கும் ஸ்டீராய்டு ஊசி. 'கோர்ஸ் போட்டிருக்கேன்' என்பார்கள், ஆன்டிபயாடிக் எடுப்பதைப் போல. வெளியிலிருந்து ஹார்மோன் கொட்டினால் உடம்பு சொந்தமாகச் சுரப்பதை நிறுத்திவிடும். விதைப்பை சுருங்கும், விந்தணு குறையும், சிலருக்கு மார்பு பெண்களுக்குப் போல வளரும், நல்ல கொழுப்பு இறங்கும். ஊசியைப் பகிர்ந்துகொண்டால் மஞ்சள் காமாலைக் கிருமிகளும் எச்ஐவியும் கூடவே வரும். கோர்ஸை நிறுத்தியதும் மனச்சோர்வும் விறைப்புக் குறைவும். அதற்கு என்ன செய்கிறார்கள்? சந்தில் விற்கும் 'சக்தி' மாத்திரை.

2008-ஐ மறந்துவிட்டோமா? அந்த ஆண்டு ஐந்து மாதத்துக்குள் சர்க்கரை நோயே இல்லாத 150 பேர், ரத்தச் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கி, நம் மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள். 4 பேர் இறந்தார்கள். கள்ளத்தனமாக விற்ற ஆண்மை மாத்திரைகளில் கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை மருந்து கலந்திருந்தது. சுகாதார அறிவியல் ஆணையம் அன்றிலிருந்து எத்தனை முறை எச்சரித்தாயிற்று. விறைப்புப் பிரச்சினை என்றால் மருத்துவரிடம் வாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. பாப்பர்ஸ், அதாவது உடலுறவின்போது முகரும் நைட்ரைட் திரவம், முகர்பவர்கள் விறைப்பு மாத்திரையோடு அதைச் சேர்க்கவே கூடாது. ரத்த அழுத்தம் சட்டென்று விழும்.

பரிசோதனைக்கு வருவோம். ஒரு குப்பியில் சிறுநீர் கொடுத்துவிட்டு 'எல்லாம் நெகட்டிவ்' என்று சந்தோஷமாகப் போகாதீர்கள். தொண்டையிலும் ஆசனவாயிலும் இருப்பது சிறுநீரில் தெரியாது. அங்கேயும் பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுக்க வேண்டும், கூடவே ரத்தமும். நீங்கள் யாரோடு, எப்படி என்று சொன்னால்தான் எங்கே எடுப்பது என்று எங்களுக்குத் தெரியும். துணை மாறிக்கொண்டிருந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. ஆபத்தான இரவு ஒன்று நடந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள் ஓடுங்கள். 28 நாள் மாத்திரை எச்ஐவியைத் தடுக்கும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. திங்கட்கிழமை பார்த்துக்கலாம் என்று இருக்காதீர்கள். எச்ஐவி வராமல் முன்கூட்டியே போடும் பிரெப் மாத்திரை எடுப்பவர்களே, அது எச்ஐவிக்கு மட்டும். சிஃபிலிஸுக்கு அது ஒன்றும் செய்யாது.

'சொன்னால் போலீசுக்குப் போகுமா' என்று இன்னமும் கேட்கிறார்கள். ஆண்களுக்கிடையிலான உடலுறவைக் குற்றமாக்கிய 377ஏ பிரிவை நாடாளுமன்றம் 2022 நவம்பரில் நீக்கியது, 2023 ஜனவரி 3 முதல் அது சட்டத்திலேயே இல்லை. பெயர் கொடுக்கப் பயமாக இருந்தால், குறிப்பாக வேலை அனுமதியில் இங்கே இருக்கும் தம்பிகள், பெயரும் அடையாள அட்டையும் கேட்காமல் எச்ஐவி பரிசோதனை செய்யும் இடங்கள் இருக்கின்றன. தேக்காவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் கிளந்தான் லேன் டிஎஸ்சி மருந்தகம் இருக்கிறது. பால்வினை நோய்களைப் பார்ப்பதுதான் அவர்கள் வேலை. அங்கே உங்களை யாரும் ஏற இறங்கப் பார்க்க மாட்டார்கள்.

கல்யாணமான அண்ணன்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் யாரை விரும்புகிறீர்கள் என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் வீட்டில் மனைவி கர்ப்பமாக இருக்கும்போது உங்களுக்கு சிஃபிலிஸ் இருந்தால், அது அவர் வழியாகக் குழந்தைக்குப் போகலாம். செத்துப் பிறக்கலாம். நீங்கள் இன்று ஒரு குழாய் ரத்தம் கொடுத்தால் இதைத் தடுத்துவிடலாம். தயவுசெய்து கொடுங்கள்.

அந்தத் தம்பிக்குப் புட்டத்தில் பென்சிலின் ஊசி போட்டேன். அன்றிரவு காய்ச்சல் வரலாம், பயப்படாதே, கிருமி சாகிறது என்று சொல்லி அனுப்பியிருந்தேன். மூன்று மாதம் கழித்து வந்தார். ரத்தப் பரிசோதனையில் சிஃபிலிஸ் அளவு 1:64-லிருந்து 1:8-க்கு இறங்கியிருந்தது, மருந்து வேலை செய்திருக்கிறது. எச்ஐவி இல்லை. இப்போதெல்லாம் செயலியில் முதலிலேயே, 'கடைசியா எப்ப டெஸ்ட் எடுத்தீங்க' என்று கேட்டுவிடுகிறாராம். முதலில் கேட்ட ஆள் பதில் போடாமல் பிளாக் செய்துவிட்டார், இரண்டு நாள் தூக்கம் வரவில்லை என்றார். அடுத்தவர் ஒரு தேதியை அனுப்பியிருக்கிறார். அதை என்னிடம் காட்டி, "ஆறு மாசம் ஆச்சே டாக்டர், மறுபடி எடுக்கச் சொல்லலாமா?" என்று கேட்டார்.

சொல்லுங்கள் என்றேன்.