எல்லாமே இன்ஃபெக்‌ஷன் இல்லை. கொட்டுவதற்கு முன் கேளுங்கள்

சித்தி மகன் சிங்கப்பூரில் இருக்கிறான், வீட்டிலேயே பீர் காய்ச்சுபவன். ஞாயிற்றுக்கிழமை மதியம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். கீழே, “அக்கா, பீர்ல இன்ஃபெக்‌ஷன், 20 லிட்டரையும் டாய்லெட்ல ஊத்திட்டேன்.” படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வாளியின் மேலே அழுக்கு வெள்ளையில் கெட்டியான நுரை, நடுநடுவே பழுப்புத் திட்டுகள். ஈஸ்ட் போட்டு இரண்டாம் நாளாம். ஈஸ்ட் ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் கிடையாது. கேட்டுவிட்டுக் கொட்டியிருக்கலாம். கொட்டிவிட்டுக் கேட்கிறான்.

இப்படிக் கொட்டியதில் இவன் முதல் ஆளும் இல்லை. நான் பீர் ஆலை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் நுண்ணுயிர்ப் பரிசோதனை பார்ப்பவள், வீடு பெரம்பூரில். (தெருவில் யாராவது கேட்டால் “ஃபேக்டரி லேப்” என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.) வெளிநாட்டில் இருக்கும் உறவுக்காரர்கள், அவர்களுடைய நண்பர்கள் என்று படம் அனுப்பாத வாரமே இல்லை. இங்கே இருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் வீட்டில் பீர் தயாரிப்பது குற்றம். இது அனுமதி உள்ள ஊர்களில் காய்ச்சுபவர்களுக்கு.

சரி, அந்த நுரைக்கு வருவோம். ஈஸ்ட் போட்ட ஓரிரு நாளில் மேலே நுரை திரண்டு எழும். பழுப்பாக ஒட்டியிருப்பது ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பு தரும் பூ) பிசினும் புரதமும். சில நாளில் அது தானாக இறங்கி, வாளியின் உள்சுவரில் ஓர் அசிங்கமான வளையத்தை விட்டுப்போகும். அதன் பிறகும் ஈஸ்ட் திட்டுத்திட்டாக மிதக்கலாம். பார்க்க நன்றாக இருக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பொங்கி நிற்கும் தோசை மாவைப் பார்த்து யாராவது “ஐயோ கெட்டுப்போச்சு” என்று சாக்கடையில் ஊற்றுவார்களா?

உண்மையான படலம் வேறு மாதிரி. பெரும்பாலும் நொதித்தல் அடங்கிய பிறகு, வாரக்கணக்கில் கழித்து வரும். உலர்ந்த வெள்ளைத் தோல் போல, சுருக்கம் விழுந்து, பெரிய குமிழ்கள் மேல் பிளாஸ்டிக் தாள் போர்த்தியது போல் உடையாமல் நிற்கும். அதைக் கண்டால் காட்டு ஈஸ்ட்டோ பாக்டீரியாவோ குடியேறிவிட்டது என்று அர்த்தம். பச்சையாகவோ கறுப்பாகவோ மயிர் முளைத்தது போல் இருந்தால் அது பூஞ்சை. அதைக் கொட்டுங்கள், நானே சொல்கிறேன்.

அடுத்து வருகிற கேள்வி எப்போதும், “குடிச்சா உயிருக்கு ஆபத்தா?” முடிந்த பீரின் அமிலத்தன்மை பி.எச். 4 முதல் 4.5 வரை. கூடவே ஆல்கஹால், ஹாப்ஸ் கசப்பு, கரியமில வாயு. சால்மோனெல்லா போன்ற நோய்க்கிருமிகள் அதில் வளராது. பீரைக் கெடுக்கும் கிருமிகள் சுவையைத்தான் கெடுக்கும். ஆனால் ஈஸ்ட் போடாத வோர்ட்டுக்கு (முளைகட்டிய பார்லியான மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து வடித்த இனிப்புச் சாறு) ஹாப்ஸ் கசப்பைத் தவிர இந்தப் பாதுகாப்பு இல்லை. காய்ச்சி மூடி, “நாளைக்குப் பார்த்துக்கலாம்” என்று வெளியில் வைத்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். ஆல்கஹால் இல்லாத பீரிலும் இதே எச்சரிக்கை. 2024 கள்ளக்குறிச்சிக்குப் பிறகு மெத்தனால் பயமும் சேர்ந்துகொண்டது. அங்கே உயிர்களைக் குடித்தது சாராயத்தில் கலந்த மெத்தனால். பார்லி மால்ட்டை நொதிக்கவிட்டால் அந்த அளவு மெத்தனால் உருவாகாது.

அப்படியானால் அந்த விநோத வாடைகள்? எனக்கு வரும் புகார்களில் பெரும்பகுதிக்குக் காரணம் தண்ணீர், வெப்பம், அவசரம்.

முதலில் தண்ணீர். பேண்ட்-எய்ட் வாடை, ஆஸ்பத்திரி வாடை என்று சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி, “என்ன தண்ணீர், எதை வைத்துக் கழுவினாய்?” எங்கள் பக்கம் சம்ப்பில் ப்ளீச்சிங் பவுடர் போட்ட மறுநாள் டீயிலேயே குளோரின் தெரியும், அது எல்லோருக்கும் பழகிய வாடை. பீரில் நடப்பது அதற்கு அடுத்த கட்டம். குளோரின், மால்ட்டிலும் ஈஸ்ட்டிலும் இருந்து வரும் பீனாலோடு சேர்ந்து குளோரோபீனால் ஆகிவிடும். நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே மூக்குக்குத் தெரியும், எத்தனை மாதம் வைத்தாலும் போகாது. சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரில் இருப்பது குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது), கொதிக்க வைத்தாலும் லேசில் போகாது. 20 லிட்டருக்குக் கால் கேம்ப்டன் மாத்திரையை (குளோரமினை முறிக்கும் சல்ஃபைட்) பொடித்துப் போட்டால் போதும். (வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் சல்ஃபைட் பொடி முகத்தருகே பறக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.) பாத்திரம் கழுவ ப்ளீச் வேண்டவே வேண்டாம். அதிலும் ப்ளீச்சோடு வினிகரைக் கலந்து “ஸ்ட்ராங்கா” ஆக்குகிற மகானுபாவர்கள் இருக்கிறார்கள். கிளம்புவது குளோரின் வாயு. நுரையீரல் உங்களுடையது.

அப்புறம் வெப்பம். பொதுவான ஏல் (சற்று வெதுவெதுப்பில் நொதிக்கும் பீர் வகை) ஈஸ்ட் 18 முதல் 22 டிகிரியில் நன்றாக வேலை செய்யும். நொதிக்கும்போது வாளிக்குள் அறையைவிட இன்னும் சில டிகிரி கூடும். சென்னை மே மாதமோ சிங்கப்பூர் அடுக்குமாடியோ, 30 டிகிரி அறையில் வைத்துவிட்டு “நெயில் பாலிஷ் ரிமூவர் மாதிரி வாடை, தொண்டை எரியுது, தலைவலிக்குது” என்றால் கிருமி என்ன செய்யும்? பழைய ஃப்ரிட்ஜ் ஒன்றில் தெர்மோஸ்டாட் மாட்டுங்கள். முடியாவிட்டால் 35 டிகிரியைத் தாங்கும் நார்வே நாட்டு க்வைக் ஈஸ்ட் வாங்குங்கள்.

பட்டர் பாப்கார்ன் வாடை, ஈஸ்ட் நொதிக்கும் வழியில் விட்டுவைக்கும் டைஅசிட்டைல் என்ற பொருளுடையது. பெரும்பாலும் அவசரப்பட்டு பாட்டிலில் அடைத்ததன் பலன். அடைப்பதற்கு முன் இரண்டு கண்ணாடிப் புட்டிகளில் கொஞ்சம் பீர் எடுங்கள். ஒன்றை லேசாக மூடி 65 டிகிரி வெந்நீரில் 20 நிமிடம் வைத்து, ஆறவிட்டு, இரண்டையும் முகர்ந்து பாருங்கள். சூடாக்கியதில் வெண்ணெய் வந்தால் ஈஸ்ட்டுக்கு இன்னும் சில நாள் கொடுங்கள், அதுவே தின்று தீர்த்துவிடும். பச்சை ஆப்பிள் வாடைக்கும் வைத்தியம் காத்திருப்பதுதான். வேகவைத்த சோளம் வந்தால் வோர்ட்டை மூடி போட்டுக் கொதிக்கவிட்டிருக்கிறீர்கள். நனைந்த அட்டைப்பெட்டி என்றால், நொதித்து முடிந்த பீரைச் சளசளவென்று மாற்றிக் காற்றைக் கலந்துவிட்டீர்கள். கிராம்பு வாடை கோதுமை பீரில் இருக்க வேண்டியதே. அந்த வாடை வரக்கூடாத பீரில் வந்தால்தான் சந்தேகம்.

நிஜ இன்ஃபெக்‌ஷனுக்கு வருகிறேன். வினிகர் புளிப்பு என்றால் காற்று போயிருக்கிறது; ஏர்லாக்கில் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத தண்ணீர் அடைப்பான்) தண்ணீர் வற்றி, பழ ஈ உள்ளே புகுந்ததா என்று பாருங்கள். தயிர்ப் புளிப்பு, எண்ணெய் போல இழுபடும் பீர், பாட்டிலில் அடைத்த பிறகு புதிதாக முளைக்கும் வெண்ணெய் வாடை: இவை லாக்டிக் பாக்டீரியா வேலை. ஒளிந்திருக்கும் இடம் எது தெரியுமா? வாளியின் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் குழாய். கழற்றிப் பாருங்கள், உள்ளே திருகுமரையில் பழுப்பாக ஒரு வழவழப்பு இருக்கும். அழுக்கின் மேல் என்ன கிருமிநாசினி ஊற்றினாலும் வீண். முதலில் தேய்த்துக் கழுவ வேண்டும், பிறகுதான் கிருமிநாசினி. கீறல் விழுந்த வாளியைத் தூக்கிப் போடுங்கள்.

நான் உண்மையில் பயப்படுவது பாட்டில்களுக்கு. சிலவகைக் காட்டு ஈஸ்ட், சாதாரண ஈஸ்ட் தொடாத, மால்ட்டின் பெரிய மாவுச்சத்துத் துணுக்குகளையும் தின்னும். அடைக்கும்போது ஹைட்ரோமீட்டரில் (பீரின் அடர்த்தியை அளக்கும் மிதவைக் கருவி; சர்க்கரை தீரத் தீர எண் இறங்கும்) 1.012 காட்டிய பீர் உள்ளேயே 1.006-க்கு இறங்கினால், வழக்கமாகப் பீரின் அளவைப் போல் 2.5 பங்கு இருக்கும் வாயுவோடு ஏறக்குறைய இன்னும் 3 பங்கு சேரும். கண்ணாடி வெடிக்கும். ஹைட்ரோமீட்டர் மூன்று நாள் ஒரே எண்ணைக் காட்டாமல் அடைக்காதீர்கள். சர்க்கரையைக் கண் அளவில் போடாதீர்கள், லிட்டருக்கு 6, 7 கிராம் எடை போட்டே சேருங்கள். ஒரு பாட்டில் பீறிட்டால் மற்றவற்றையும் நம்பாதீர்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் தடித்த கையுறையும் மாட்டி, துண்டு போர்த்தி, ஃப்ரிட்ஜில் நன்றாகக் குளிரவைத்த பிறகு மூடியை மெல்லத் தளர்த்துங்கள். குழந்தைகள் இருக்கும் வீடு என்றால், தயவுசெய்து, அந்தப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் வைக்காதீர்கள்.

இனி என்னிடம் கேட்பவர்கள் படம் மட்டும் அனுப்பாதீர்கள். ஈஸ்ட்டின் பெயர், போட்ட தேதி, வாளியின் வெப்பம், முதல் நாள் ஹைட்ரோமீட்டர் எண், இன்றைய எண், கழுவப் பயன்படுத்தியது, மூக்குக்கு வருகிற வாடை. இவ்வளவும் எழுதி அனுப்புங்கள். பதில் வரும்வரை வாளி மூடியே இருக்கட்டும்.